பனியன் கம்பெனியும் பதினாறு வயசும்

ஒருத்தன் எந்த வயசில் "பெரியவன்" ஆகிறான்? சட்டத்தைக் கேட்டால் பதினெட்டுன்னு சொல்லும். எங்க திருப்பூரில் கேட்டால் வேற பதில் வரும். சனிக்கிழமை சாயங்காலம் சம்பளக் கவரை வாங்கிட்டு வந்து அம்மா கையில் குடுக்க ஆரம்பிச்சா அவன் பெரியவன். அது பதினெட்டாவும் இருக்கலாம், பன்னெண்டாவும் இருக்கலாம்.

கொஞ்ச நாளா மனித மன வளர்ச்சியைப் பத்தின ஆராய்ச்சி எப்படி வளர்ந்துதுன்னு படிச்சுட்டு இருக்கேன். குழந்தை மனசைப் பத்தி இல்லை. அதுக்கப்புறம் வர்ற விடலைப் பருவம், இளமை, நடுவயசு பத்தி. படிக்கப் படிக்க ஒண்ணு கண்ணில் பட்டுது. இந்தக் கதையில் பஞ்சும் நூலும் துணியும் திரும்பத் திரும்ப வருது! பருவங்களுக்கு வயசுக்கணக்கு போட்டது பஞ்சாலைச் சட்டம். நடுவயசைப் பத்தின முக்கியமான ஒரு புத்தகம் பிறந்தது ஒரு பஞ்சாலை ஸ்டிரைக்கில் இருந்து. அப்பறம் என்ன, பனியன் ஊர்க்காரன் இதைப் பத்தி எழுதறதில் தப்பில்லைன்னு துணிஞ்சுட்டேன் :-)

முதல்ல நம்ம ஆட்களைப் பார்த்துடுவோம். பாட்டியல் நூல்கள் பெண்ணுக்கு ஏழு பருவம் சொல்லுது: பேதை, பெதும்பை, மங்கை, மடந்தை, அரிவை, தெரிவை, பேரிளம்பெண். ஐந்து வயசில் ஆரம்பிச்சு நாற்பதில் முடிஞ்சுடும். நாற்பதுக்கு மேல பெண்ணுக்குப் பருவமே கிடையாது! உலா பாடுறதுக்காகப் போட்ட பட்டியல் அது. வீதியில் வர்ற தலைவனைப் பார்த்து மயங்குற வயசு வரைக்கும்தான் புலவருக்குக் கணக்கு தேவைப்பட்டிருக்கு. ஆணுக்கும் பாலன், மீளி, மறவோன், திறலோன், காளை, விடலை, முதுமகன்னு ஏழு உண்டு. இதில் விடலை முப்பது வயசு வரைக்கும். இன்னிக்கு டீன் ஏஜுக்கு விடலைப் பருவம்னு எழுதறோம், அவங்க முப்பது வரைக்கும் விட்டு வெச்சிருக்காங்க. 2000-த்தில் ஜெஃப்ரி ஆர்னெட் என்கிற அமெரிக்க உளவியலாளர், 18-லிருந்து 25 வரை ஒரு தனிப் பருவம், அதில் ஆள் பையனும் இல்லை பெரியவனும் இல்லைன்னு கட்டுரை எழுதிப் பெரிசாப் பேசப்பட்டார். பிற்பாடு அதை 29 வரைக்கும் நீட்டினார். விடலையை அவருக்கு யாராவது அறிமுகப்படுத்தி வெச்சிருக்கலாம்.

சரி, விஷயத்துக்கு வருவோம்.

பருவத்தை ஒரு பிரச்சினையா முதலில் எடுத்துக்கிட்டது உளவியல் இல்லைங்க, தொழிற்சாலைச் சட்டம். 1833-ல் இங்கிலாந்தில் ஜவுளி ஆலைகளுக்கு ஒரு சட்டம் போட்டாங்க. ஒன்பது வயசுக்குக் கீழ வேலைக்கு வைக்கக் கூடாது. ஒன்பதிலிருந்து பதிமூணு வரைக்கும் நாளைக்கு ஒன்பது மணி நேரம். பதிமூணிலிருந்து பதினெட்டு வரைக்கும் "இளையவர்", அவங்களுக்குப் பன்னெண்டு மணி நேரம். ஆனால் வயசை எப்படிக் கண்டுபிடிக்கிறது? அங்க பிறப்புப் பதிவே 1837-ல்தான் ஆரம்பமாச்சு. டாக்டர் பையனை மேலும் கீழும் பார்த்து, இவனுக்கு இந்த வயசுக்கான உடம்பும் தோற்றமும் இருக்குன்னு சான்றிதழ் குடுப்பார். அதே 1837-ல் எட்வின் சாண்டர்ஸ் என்கிற பல் மருத்துவர் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகளோட வாயைத் திறந்து பார்த்து, பல்லை வெச்சு வயசைச் சொல்லலாம்னு ஒரு சின்னப் புத்தகமே போட்டார். மாட்டுச் சந்தையில் பல்லைப் பிடிச்சுப் பார்க்கிறது நமக்குத் தெரியும். மான்செஸ்டரில் மனுசப் பிள்ளைக்கு அதே வைத்தியம்.

அந்தச் சட்டத்தோட சாயல் இந்தியாவுக்கும் வந்துது. 1881 தொழிற்சாலைச் சட்டத்தில் ஏழு வயசானால் ஆலைக்குள்ள போகலாம், பன்னெண்டு வரைக்கும் குழந்தை. 1891-ல் அது ஒன்பதும் பதினாலும் ஆச்சு. 1922-ல் பன்னெண்டும் பதினஞ்சும். 1934 சட்டத்தில்தான் குழந்தைக்கும் பெரியவருக்கும் நடுவில் "அடோலசென்ட்" என்கிற மூணாவது ஆள் வந்தார், பதினஞ்சிலிருந்து பதினேழு. 1948 சட்டம் அதைப் பதினெட்டு வரைக்கும் தள்ளுச்சு. பதினாலுக்குக் கீழ கூடவே கூடாது. அதுக்கு மேல பதினெட்டு வரைக்கும் டாக்டர் சான்றிதழ் வேணும், வேலை செய்யும்போது அந்தச் சான்றிதழைக் குறிக்கிற டோக்கனும் மேல இருக்கணும். ஒருத்தன் இளைஞன் என்பதுக்கு டோக்கன்!

உளவியல்காரர்கள் மெதுவாத்தான் வந்தாங்க. அமெரிக்காவில் ஸ்டான்லி ஹால் விடலைப் பருவம் பத்தி ரெண்டு பெரிய வால்யூம் எழுதினது 1904-ல். புயலும் கொந்தளிப்புமான காலம்னு சொன்னார். மார்கரெட் மீட் 1928-ல் சமோவா தீவுப் பெண்களைப் பத்தி எழுதி, அங்க அப்படியெல்லாம் கொந்தளிப்பு இல்லைன்னார். 1983-ல் டெரெக் ஃப்ரீமேன் வந்து மீட் சொன்னது தப்புன்னு எழுதினார். அந்தச் சண்டைக்குள்ள நான் போகலை. எனக்கு வேண்டியவர் எரிக் எரிக்சன்.

எரிக்சன் 1902-ல் ஜெர்மனியில் பிறந்தவர். சொந்த அப்பா யாருன்னு கடைசி வரைக்கும் தெரியாது. வளர்ப்பு அப்பா குழந்தை மருத்துவர், வசதியான வீடு. பள்ளிக்கூடம் முடிச்சதும் காலேஜ் போகாமல், ஓவியனாகப் போறேன்னு ஐரோப்பாவைச் சுத்தினார். இருபத்தஞ்சு வயசில் வியன்னாவில் ஒரு சின்னப் பள்ளிக்கூடத்தில் வாத்தியார் வேலை கிடைச்சு, அங்கிருந்து அன்னா ஃப்ராய்டிடம் போய் உளப்பகுப்பாய்வு கத்துக்கிட்டார். அமெரிக்கா போனபிறகு 1939-ல் தன் பேரையே மாத்தி எரிக்சன்னு வெச்சுக்கிட்டார். "நான் யாரு?" என்கிற கேள்விதான் விடலைப் பருவத்தோட மையம்னு இவர் சொன்னதில் ஆச்சரியம் ஒண்ணும் இல்லை. 1950-ல் வந்த புத்தகத்தில் பிறப்பிலிருந்து முதுமை வரைக்கும் எட்டுப் படிகள் போட்டார். அஞ்சாவது படி அடையாளம். ஆறாவது நெருக்கம், காதலும் நட்பும். ஏழாவது நடுவயசு, தனக்கப்புறம் வர்றவங்களை வளர்த்து விடுற அக்கறை. எட்டாவது, வாழ்ந்த வாழ்க்கையைத் திரும்பிப் பார்த்து "சரிதான்"னு சொல்ல முடியுதாங்கிற கேள்வி.

அஞ்சாவது படிக்கு அவர் சொன்ன ஒரு வார்த்தை எனக்கு ரொம்பப் பிடிச்சுது. மோரட்டோரியம். 2020-ல் கொரோனா லாக்டவுனில் பேங்க் லோனுக்குக் குடுத்தாங்களே, அதே வார்த்தை. பெரியவன் ஆகிறதுக்கான தவணையைச் சமூகம் கொஞ்ச நாள் தள்ளி வைக்குது. அந்த நேரத்தில் பையன் இதைத் தொட்டுப் பார்க்கலாம், அதைத் தொட்டுப் பார்க்கலாம், தப்புப் பண்ணலாம், ஊர் சுத்தலாம். காலேஜ் என்பதே பாதி இதுக்குத்தான். நல்ல யோசனைதான். ஆனால் லோன் வாங்கினவங்களுக்குத் தெரியும், தவணைதான் நின்னுது, வட்டி ஓடிட்டேதான் இருந்துது. அதை யாரோ கட்டணும். எரிக்சன் ஊர் சுத்தினப்போ பின்னாடி டாக்டர் வீடு ஒண்ணு இருந்துது. எல்லாருக்கும் அது இருக்குமா?

இருக்காதுன்னு வெச்சு ஒரு ஆராய்ச்சி நடந்திருக்கு. கலிஃபோர்னியாவில் ஓக்லண்ட் ஊரில் 1920-21-ல் பிறந்த 167 பிள்ளைகளைச் சின்ன வயசில் இருந்து தொடர்ந்து கவனிச்சு எழுதி வெச்சிருந்தாங்க. 1930-களின் பெரும் பொருளாதார வீழ்ச்சியில் பல வீடுகள் நொடிச்சுப் போச்சு. பையன்கள் சின்னச் சின்ன வேலைக்குப் போனாங்க, பெண் பிள்ளைகள் வீட்டு வேலையைத் தலையில் எடுத்துக்கிட்டாங்க. அந்தக் குறிப்புகளை வெச்சு கிளென் எல்டர் 1974-ல் ஒரு புத்தகம் எழுதினார். வேலைக்குப் போன பையன்கள் கெட்டுப் போகலை. சீக்கிரமாப் பொறுப்பு வந்துது, பலர் பின்னாடி நல்லாவே இருந்தாங்க. ஆனால் பக்கத்து பெர்க்லி ஊரில் 1928-29-ல் பிறந்த, அதாவது கஷ்டம் வந்தப்போ ரொம்பச் சின்னப் பிள்ளைகளா இருந்த பையன்கள் அதிகமா அடிபட்டாங்க. எல்டர் சொன்னதை என் வார்த்தையில் சொன்னால், கஷ்டம் எந்த வயசில் வந்துது, அதுக்கப்புறம் எந்தக் கதவு திறந்துது, இந்த ரெண்டும்தான் பெரிசு. ஓக்லண்ட் பையன்கள் பெரியவங்க ஆனப்போ ராணுவ வேலையும் போருக்குப் பிந்தைய பொருளாதார ஏற்றமும் காத்திருந்துது.

இதைப் படிச்சப்போ எனக்கு எங்க ஊர் ஞாபகம் வராமல் எப்படி இருக்கும்?

திருப்பூருக்கும் ஒரு படிக்கட்டு உண்டுங்க. எரிக்சனோடது மாதிரியே. முதல் படி கைமடி. டைலர் பக்கத்தில் நின்னு துணியை மடிச்சுக் குடுக்கிற பொடியன். அப்பறம் செக்கிங், டேமேஜ் பார்க்கிறது. மதிய இடைவேளையில் காலி மிஷினில் வேஸ்ட் துணியை ஓட்டிப் பழகி ஓவர்லாக் டைலர். அப்பறம் சிங்கர், பேட்லாக். கை ஓடினால் கட்டிங் மாஸ்டர், வாய் ஓடினால் கான்ட்ராக்டர். அதுக்கு மேல சீட்டு எடுத்து, நகையை வெச்சு, நாலு மிஷின் போட்டு பவர் டேபிள். கடைசிப் படியில் "கம்பெனி ஓனர்". எங்க தெருவிலேயே ஆறாவதோட நிறுத்திட்டுக் கைமடியாப் போய், முப்பத்தஞ்சு வயசில் எட்டு மிஷின் போட்டவர் இருக்கார். அவரைக் கேட்டால் அடையாளக் குழப்பம்னா என்னன்னு கேட்பார். குழம்பறதுக்கு நேரம் இருக்கலையேம்பார்.

இந்தப் படிக்கட்டைப் பத்தி ஷரத் சாரி 2004-ல் ஒரு தடிமனான புத்தகம் எழுதியிருக்கார். 1925-ல் குலாம் காதர் ஆரம்பிச்ச பேபி நிட்டிங்கில் இருந்து, எழுபதுகளின் கடைசியில் வெளிநாட்டு ஆர்டர் வந்து, எண்பதுகளில் எக்ஸ்போர்ட் ஊர் ஆன கதைக்குள்ள, கிராமத்தில் இருந்து வந்த கவுண்டர் தொழிலாளிகள் எப்படி முதலாளி ஆனாங்கன்னு தேடினார். கேட்டவங்க எல்லாரும் ஒரே வார்த்தையைச் சொன்னாங்களாம்: உழைப்பு. அவர் அதைச் சும்மா எழுதிட்டுப் போயிடலை. அந்த உழைப்புக்கு ஊர்க்காரன், சொந்தக்காரன், கடன் குடுக்கிற பங்காளி எல்லாம் பின்னாடி இருந்தாங்க. அதே அளவு உழைச்ச பெண்ணுக்கும் தலித்துக்கும் படிக்கட்டு பாதியிலேயே நின்னு போச்சு. எல்டர் சொன்ன கதவு சிலருக்குத்தான் திறந்துது.

பெண்ணுக்கு நின்ன இடத்தைத்தான் கொஞ்சம் பார்க்கணும். அதுக்கு ஒரு தடவை அகமதாபாத் போய்ட்டு வந்துடுவோம்.

1962-ல் எரிக்சனை மனித வாழ்க்கைச் சுழற்சி பத்திப் பேச அகமதாபாத்துக்குக் கூப்பிட்டாங்க. சாராபாய் குடும்பத்தோட விருந்தாளி. ஆலை முதலாளிகள் குடும்பம். அங்க பழைய கதை ஒண்ணு அவர் காதில் விழுந்துது. 1917-ல் பிளேக் வந்தப்போ தொழிலாளிகள் ஊரை விட்டு ஓடாமல் இருக்க போனஸ் குடுத்தாங்க. பிளேக் ஓய்ஞ்சதும் நிறுத்தினாங்க. 1918 பிப்ரவரியில் கதவடைப்பு, அப்பறம் ஸ்டிரைக். 35 சதவீதம் உயர்வு கேட்டவங்க பக்கம் காந்தி. முதலாளிகள் தரப்பில் அம்பாலால் சாராபாய், தொழிலாளிகள் தரப்பில் அவரோட சொந்த அக்கா அனசூயா! மூணு வாரத்துக்கு மேல இழுத்து, தொழிலாளிகள் சோர்ந்து போனப்போ காந்தி உண்ணாவிரதம் உட்கார்ந்தார். மூணாம் நாள் சமரசம். முதல் நாளைக்கு 35, ரெண்டாம் நாளைக்கு 20, அப்பறம் நடுவர் சொல்ற வரைக்கும் இருபத்தேழரை. கடைசியில் நடுவர் 35-ன்னே தீர்ப்பு சொன்னார்.

அப்போ காந்திக்கு 48 வயசு. எரிக்சன் அங்க தன்னோட ஏழாவது படியைப் பார்த்தார். நடுவயசு மனுசன் ஒருத்தன் தன் பிள்ளைகளைத் தாண்டி ஒரு ஊரையே, அப்பறம் ஒரு நாட்டையே தன் பொறுப்புன்னு எடுத்துக்கிற இடம். உயிரோட இருந்த சாட்சிகளை உட்கார வெச்சுக் கேட்டார், அம்பாலாலையும் அனசூயாவையும் சேர்த்து. 1969-ல் புத்தகம் வந்துது, 1970-ல் புலிட்சர் பரிசு. அதுக்கு முன்னாடி வளர்ச்சின்னா பெரும்பாலும் குழந்தையோட வளர்ச்சிதான். நடுவயசிலும் மனுசன் வளர்றான் என்கிற பேச்சு பலமா எழுந்ததில் இந்தப் புத்தகத்துக்குப் பெரிய பங்கு. அகமதாபாத்தில் எரிக்சனைப் பார்த்து, எஞ்சினியர் படிப்பை மூட்டை கட்டிட்டு உளப்பகுப்பாய்வுக்குப் போனவர்தான் சுதிர் காக்கர்.

ஆனா அந்தப் புத்தகத்தோட நடுவில் ஒரு விநோதம் உண்டு. ஆராய்ச்சியை நிறுத்திட்டு, செத்துப் போன காந்திக்கு நேரா ஒரு கடிதம் எழுதறார். வீட்டுக்காரங்ககிட்டயும் ஆசிரமப் பிள்ளைகள்கிட்டயும் நீங்க நடந்துக்கிட்ட விதத்தில் வன்முறை இல்லையான்னு கேட்கிறார். அதில் வர்ற சம்பவம் ஒண்ணு தென்னாப்பிரிக்காவில் டால்ஸ்டாய் பண்ணையில் நடந்தது. தமிழ்க் குடும்பங்களும் இருந்த இடம். பையன்கள் ரெண்டு பெண் பிள்ளைகளைச் சீண்டினாங்க. அதுக்குக் காந்தி செஞ்சது, அந்தப் பெண்களோட தலைமுடியைத் தன் கையாலயே வெட்டினது. பாதுகாப்புக்காகவாம். காந்தியே எழுதி வெச்சது இது.

எனக்கு இங்க புத்தகத்தை மூடி வைக்க வேண்டியதாப் போச்சு. ஏன்னா "பாதுகாப்பு" என்கிற இந்த வார்த்தை எங்க வட்டாரத்து நூல்மில்களில் நல்லாக் கேட்டுப் பழகினது.

சுமங்கலித் திட்டம் தெரியும்தானே? கோவை, திருப்பூர், ஈரோடு, திண்டுக்கல் பக்கத்து ஸ்பின்னிங் மில்களில் தொண்ணூறுகளுக்கு அப்பறம் பரவினது. தென் மாவட்டக் கிராமங்களில் இருந்து பதினாலு, பதினஞ்சு, பதினாறு வயசுப் பெண்களைக் கூட்டிட்டு வந்து மில் ஹாஸ்டலில் வைப்பாங்க. மூணு வருசம் வேலை. மாசாமாசம் கொஞ்சம் கையில், மீதியைச் சேர்த்து வெச்சு முடிவில் மொத்தமா 30,000-லிருந்து 50,000 வரைக்கும். "கல்யாணச் செலவுக்கு ஆகும்." வரதட்சணைத் தடைச் சட்டம் 1961-லயே வந்தாச்சு, ஆனா திட்டத்தோட பேரே சுமங்கலி! மூணு வருசம் முடியறதுக்கு முன்னாடி உடம்பு முடியாமப் போனால் மொத்தப் பணமும் சிக்கல். ஹாஸ்டலை விட்டு வெளிய போக முடியாது, போன் பேசக் கணக்கு, கடைக்குப் போனாலும் கூட ஒரு ஆள். எல்லாம் பாதுகாப்புக்கு. 2011-ல் நெதர்லாந்து அமைப்புகள் ரெண்டு அறிக்கை போட்டபிறகு வெளிநாட்டு பையர்கள் கேள்வி கேட்க ஆரம்பிச்சாங்க, அந்தப் பேரைச் சொல்றது குறைஞ்சுது.

இப்ப எரிக்சனோட படிக்கட்டை இதுக்குப் பக்கத்தில் வெச்சுப் பாருங்க. பதினஞ்சிலிருந்து பதினெட்டு. இதைத் தொட்டு அதைத் தொட்டுப் பார்க்கிற வயசு. தான் யாருன்னு தேடுற வயசு. அந்த மூணு வருசம் மட்டும்தான் மில்லுக்கு வேணும். முடிஞ்சதும் கையில் ஒரு தொகை, கழுத்தில் ஒரு தாலி, அடுத்த பேட்ச் உள்ள வந்துடும். கைமடிப் பையனுக்காவது அடுத்த படி கண்ணுக்குத் தெரிஞ்சுது. ஸ்பின்னிங் மில் பெண்ணுக்கு ரிங் பிரேமில் அறுந்த நூலைப் பிணைக்கத் தெரிஞ்சபிறகு எந்தப் படியும் இல்லை. வேலைக்குப் போனது மட்டும் அவளைக் கெடுத்துதுன்னு நான் சொல்லலை, எல்டரும் சொல்லலை. கதவு இல்லாத வேலைதான் கெடுத்துது.

இன்னும் ஒண்ணு சொல்லணும். அதே காலத்தில் எங்க ஊர் ஓனர்களோட பிள்ளைகள் கோயம்புத்தூரிலும் வெளிநாட்டிலும் படிச்சாங்க. நல்லா படிக்கட்டும், அப்பன் கைமடியா இருந்தால் பிள்ளையும் கைமடியா இருக்கணுமா என்ன? அப்பனோட ஏழாவது படி அது, பிள்ளைக்கு மோரட்டோரியம் வாங்கித் தர்றது. ஆனா அதுக்கான வட்டியில் ஒரு பகுதியை ஏதோ ஒரு ஹாஸ்டலில் இருந்த பொண்ணு தன்னோட மூணு வருசத்தில் கட்டினாள். உளவியல் புத்தகங்களில் ரெண்டு பேரும் தனித்தனி அத்தியாயத்தில் வருவாங்க. எங்க ஊரில் ஒரே நூலில் வர்றாங்க. எனக்கு இந்தப் படிப்பில் கிடைச்சது இதுதான்.

சட்டம் சும்மா இருக்கலை. 1986-ல் குழந்தைத் தொழிலாளர் சட்டம். 2016-ல் அதைத் திருத்தி, பதினாலுக்குக் கீழ முழுத் தடை (குடும்பத் தொழிலுக்கு ஒரு சந்து விட்டு), பதினாலிலிருந்து பதினெட்டு வரைக்கும் ஆபத்தான வேலைக்குத் தடை. கம்பெனி கேட்டில் "இங்கு குழந்தைத் தொழிலாளர்கள் இல்லை" போர்டு தொங்குது. ஒடிசா, பீகார், ஜார்க்கண்டில் இருந்து வர்ற பிள்ளைகளை ஆதார் கார்டில் பிறந்த தேதி பார்த்துச் சேர்க்கிறாங்க. பல்லைப் பிடிச்சுப் பார்த்ததுக்கு இது எவ்வளவோ மேல்தான். ஆனா பதினெட்டு ஆச்சான்னு கேட்கிற யாரும், உள்ள வந்தால் இருபத்தெட்டில் என்ன ஆவேன்னு அந்தப் பிள்ளைக்குச் சொல்றதில்லை.

கடைசியா நம்ம பதிவர்களுக்கு ஒரு விண்ணப்பம். 1984-ல் பஞ்சப்படி கேட்டு எங்க ஊரில் 127 நாள் ஸ்டிரைக் நடந்துது. அகமதாபாத்தை விட நாலஞ்சு மடங்கு நீளம். அன்னிக்கு இருபது வயசு டைலரா இருந்தவங்களுக்கு இப்ப அறுபது தாண்டியாச்சு. அகமதாபாத் ஸ்டிரைக் முடிஞ்சு 44 வருசம் கழிச்சுத்தான் எரிக்சனே அந்த ஊருக்கு வந்தார். நமக்கும் கிட்டத்தட்ட அதே இடைவெளி ஆயிடுச்சு. நம்மகிட்ட எரிக்சன் இல்லை, செல்போனில் ரெக்கார்டர் இருக்கு. மங்கலம் ரோட்டிலோ அவிநாசி ரோட்டிலோ டீக்கடையில் உட்கார்ந்திருக்கிற ஒரு பெரியவரிடம், "ஏனுங்ணா, மொதல் ஷிப்ட் எந்த வயசில் போனீங்க, அப்ப என்ன ஆகணும்னு நெனச்சீங்க?"ன்னு கேட்டுப் பாருங்க. மில்லில் மூணு வருசம் இருந்துட்டு வந்த அக்காக்களிடமும் கேளுங்க. அவங்க பதிலை அப்படியே எழுதுங்க, பேரை மட்டும் மாத்திடுங்க.

நான் எங்க தெருவில் இருந்து ஆரம்பிக்கிறேன்.